இடுப்பளவுத் தார்ச்சாலை

மாலை ஆறே முக்கால்தான். ஆனால் ஜனவரி. சால்ட் லேக்கில் ஜனவரி ஆறே முக்கால் என்றால் நடுநிசி மாதிரி... மூடுபனி, பாதி எரிகிற தெருவிளக்கு, ஒரு நாய்கூட இல்லாத சாலை.

வருஷம் தொண்ணூற்றேழு. நடந்தது என் சிநேகிதி நீலாவதியின் சித்தப்பா பட்டாபிராமனுக்கு. மத்திய அரசில் எஞ்சினியர். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம். சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. அதை ஊர் என்று யாராவது சொன்னாலே சிரிப்பார். தெருவுக்குப் பெயர் கிடையாது, இங்கிலீஷ் எழுத்துதான். எல்லா முக்கும் ஒரே மாதிரி. பால்கனிக்குப் பால்கனி ஒரு ரிட்டயர்டு ஆபீசர், குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, எதிர் பால்கனிக் குரங்குக் குல்லாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பனி இறங்கியதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டால் தீர்ந்தது. மறுநாள் காலை வரை அந்த ஊரில் மனுஷர்களே இல்லை.

கீழ்வீட்டு கோஷ்பாபு மட்டும் விடாமல் ஊர்ப் பெருமை பேசுவார். முன்பு இதெல்லாம் உப்பு ஏரி, கடல் ஓதம் ஏறி வரும், மீன் பிடிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டு இருந்தார்கள், அறுபதுகளில் கங்கை மணலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டி மூடினார்கள் என்பார். அவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள் என்று பட்டாபிராமனின் மனைவி நாகலக்ஷ்மி ஒருதரம் கேட்டாள். பதில் சொன்னது பட்டாபிராமன்தான்.

"மீன் நாத்தம் பிடிச்ச குட்டையைத் தூர்த்து பிளாட் போட்டா, அதுக்குப் பேர் சரித்திரமா? எங்கேயாவது போய்த் தொலைஞ்சிருப்பா."

அன்றைக்கு ஆபீஸ் விட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. பாதி தூரம் வந்திருப்பார்... ஒரு சத்தம். சளக்... சளக்... தண்ணீரில் யாரோ நடக்கிற சத்தம். கூடவே வாடை. உப்பு, சேறு, செத்த மீன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எதிரே ஒருவன். இடுப்புக்கு மேல்தான் தெரிந்தான். காலில்லாத பிச்சைக்காரன் என்று நினைத்தார். கிட்டே போனார். அந்தக் குளிரில் வெறும் உடம்பு. தோளில் வலை, கையில் நீளமான மூங்கில் கழி. இடுப்புக்குக் கீழே... பனி மறைக்கவில்லை. தார்ச்சாலைதான் அவனைச் சுற்றி இருந்தது. அவன் ஒரு அடி எடுத்து வைத்தால் தார் விலகியது. பின்னால் மறுபடி மூடிக்கொண்டது.

படகுத்துறை எந்தப் பக்கம் என்று பெங்காலியில் கேட்டான். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். பட்டாபிராமனுக்குப் பயத்துக்கு முன்னால் ஏளனம் வந்துவிடும், அது அவர் சுபாவம். இங்கே துறையும் இல்லை, தண்ணீரும் இல்லை, எல்லாவற்றையும் மூடி முப்பது வருஷம் ஆயிற்று, இது ஆபீசர்கள் இருக்கிற இடம், போ என்று ஹிந்தியில் விரட்டினார்.

அவன் கோபப்படவில்லை. மெதுவாக அவர் காலைப் பார்த்தான்.

அப்போதுதான் ஷூவுக்குள் குளிர் ஏறியது. குனிந்தார். கணுக்கால் வரை தார். காலை உருவப் பார்த்தார்... முழங்கால். பிசுபிசுப்பே இல்லை, ஐஸ் தண்ணீர்தான். பாதத்துக்கு அடியில் சேறு வழுக்கியது. கையிலிருந்த பிரீஃப்கேஸ் நழுவி, சாலைமேல் மிதந்து, தள்ளாடிக்கொண்டே தூரப் போனது. கோஷ்பாபுவைப் பேர் சொல்லிக் கத்தினார். பக்கத்து வீட்டில் டிவிச் செய்தி கேட்டது. ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. இடுப்புவரை இறங்கியாயிற்று.

மூங்கில் கழி முகத்துக்கு நேரே நீண்டது. பிடித்துக்கொண்டார்.

அவன் திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டு போனான். சளக்... சளக்... குவார்ட்டர்ஸ் கேட் படி காலில் தட்டியது. ஏறினார். பேண்ட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவன் கீழே சாலையிலேயே நின்றான். எதற்கோ காத்திருப்பவன் மாதிரி.

பட்டாபிராமன் மஃப்ளரைச் சரி செய்துகொண்டார். "சரி சரி, போ. வாசல்ல நிக்காதே." ஹிந்தியில்கூடச் சொல்லவில்லை. நாயை விரட்டுகிற தொனிக்குப் பாஷை எதற்கு?

அவன் கழியை அவருக்குப் பக்கத்தில் நட்டு, இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை நிதானமாக அளந்தான். பிறகு பனிக்குள் போய்விட்டான்.

மறுநாள் குளிக்கும்போது பார்த்தார். இடுப்பைச் சுற்றி, சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நாகலக்ஷ்மி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. தேய்த்துக் கழுவினார்கள். சாயங்காலம் மறுபடி வந்தது. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். அடுத்த ஜனவரியில் கோடு ஒரு விரல் அகலம் மேலே இருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான், போன வருஷம் சாலையில் நடந்தது முழுவதையும் மனைவியிடம் சொன்னார்.

"ஏன்னா, அவன்கிட்ட ஒரு வார்த்தை நல்லதா சொல்லியிருக்கப்படாதா?"

"ஒரு மீன்காரன்கிட்டயா?"

ஆபீஸில் சண்டை போட்டு நாக்பூருக்கு மாற்றல் வாங்கினார். சுற்றுவட்டாரத்தில் கடலே கிடையாது. கோடு நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒரு விரல். தொப்புள்... மார்பு... கழுத்து.

இந்தப் பொங்கலுக்கு நீலாவதி நாக்பூர் போயிருந்தாள். கோடு கீழுதட்டை ஒட்டி வந்துவிட்டதாம். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார். சால்ட் லேக் பேச்செடுத்தால் இன்னும் அதே சிரிப்பு. முகத்தை மட்டும் எப்போதும் அண்ணாந்தே வைத்திருக்கிறார். சாப்பிடும்போதும், பேசும்போதும்.

வீட்டுக்குள் நடக்கும்போது... குதிகாலைத் தரையில் வைப்பதே இல்லையாம்.