கல்யாணராமன் சாரின் கடவுச்சொல்

டீக்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் ஊரிலேயே நல்ல டீ ஸ்டேஷனில்தான் கிடைக்கிறது என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

என் பெயர் ரெமிஜியஸ். நன்னிலம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷங்களில் இங்கே பாதிப் பேர் நிலத்தை விற்றுப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த அப்பா அம்மாக்கள் என் கடைக்கு வந்தார்கள். மகனை ஸ்கிரீனில் பார்ப்பது, டிக்கெட் போடுவது, பில் கட்டுவது எல்லாம் என்னிடம்தான். கார்டில் பணம் கட்டும்போது எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று மாதா கோயில் ஹாலில் ஒரு வகுப்புகூட எடுத்தேன். பொதுக் கம்ப்யூட்டரில் கார்டு நம்பரைத் தட்டாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் என் கடைக்கு வந்து தட்டினார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கல்யாணராமன் சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மகன் விஸ்வா நியூ ஜெர்சியில். மனைவி மதுரம் அம்மாவுக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை. அந்த அம்மாவுக்கு வேண்டிய சாமான்களை சார் என் கடையில் உட்கார்ந்து கார்டில் வாங்குவார். பாஸ்வேர்டு தட்டும்போது மட்டும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போர்த்திக்கொள்வார்.

"தப்பா எடுத்துக்காதே ரெமிஜியஸ். நீதானே வகுப்புல சொன்னே" என்பார்.

நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதுவரை எனக்கு அப்படி ஓர் எண்ணமே கிடையாது. பக்கத்தில் ஒரு மனிதனை நிற்க வைத்துக்கொண்டு துண்டு போட்டு மூடினால் அவனுக்கு வருத்தமாக இருக்காதா? அந்த வாரமே அவர் உட்காரும் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டேன். யார் எந்த எழுத்தைத் தட்டினாலும் அது எனக்குப் பதிந்து வைக்கும். அவர் திருப்திக்கு அவர் மூடிக்கொண்டார், என் திருப்திக்கு நான் படித்துக்கொண்டேன்.

அவர் கார்டில் நான் முதலில் வாங்கியது கேமரா. மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்தது. பூசையில் எடுத்த படங்கள் நன்றாக விழுந்தன. அப்புறம் ஒரு லேப்டாப். என் மனைவி ஃபிளோராவுக்கு ஒரு போன். பார்சல்களைத் திருவாரூரில் வேறு பெயரில் வாங்கிக்கொண்டேன்.

விஸ்வா அங்கிருந்தே கணக்கைப் பார்த்துவிட்டார். சார் பதறிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"நீ தொழில் தெரிஞ்சவன். யாரா இருக்கும்?"

"பெரும்பாலும் வீட்டுக்குள்ள நடமாடறவங்கதான் சார்" என்றேன்.

பொதுவாகச் சொன்னது. நான் யார் பெயரையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுக்குள் நடமாடியது நீலாம்பாள் மட்டும்தான். மதுரம் அம்மாவைத் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, சாதத்தைக் குழைத்து ஊட்டுவது எல்லாம் அவள். கார்டு இருந்த அலமாரியின் சாவி ஆணியில் தொங்கியது. சார் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுப் புகார் கொடுத்தார். உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டு விசாரித்து அனுப்பினார். வெளியே வந்ததும் அவளும் என் கடைக்குத்தான் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுததாக இருக்கும்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. அந்தப் பொட்டியில பாத்து, நான் எடுக்கலன்னு அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அதெல்லாம் இதுல தெரியாதுங்க அக்கா" என்றேன்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

அதன்பிறகு சாரே ஊட்டினார். தலையை எவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கணக்கு வாத்தியார். ஒரு மத்தியானம் ரசஞ்சாதம் புரையேறி அந்த அம்மா போய்விட்டார்கள். விஸ்வா வந்து சேரும்வரை உடலை வைக்க ஐஸ் பெட்டிக்கு நான்தான் ஏற்பாடு செய்தேன். கமிஷன் வாங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சார் புதுக் கார்டோடு வந்தார்.

"பாஸ்வேர்டை நீயே போட்டுடு ரெமிஜியஸ். எனக்கு எதுவும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்கறது. நம்பிச் சொல்ல வேற யார் இருக்கா?"

நல்ல பாஸ்வேர்டாகத்தான் போட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம் எல்லாம் கலந்து. எவனாலும் ஊகிக்க முடியாது.

விஸ்வா அமெரிக்கா திரும்பாமல் தஞ்சாவூரில் ரூம் எடுத்துத் தங்கி, பேங்க்காரர்களோடும் உங்களோடும் சேர்ந்து அந்தக் கார்டையே கவனித்துக்கொண்டிருந்தார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. பழகிய மனிதர்களிடம் இப்படி ஒளிந்து பார்ப்பது அவ்வளவு நாகரிகமில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். எடுத்தது நான். நீலாம்பாளுக்கு ஒன்றுமே தெரியாது. கேமரா, லேப்டாப், போன் மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று காலை நடந்ததையும் திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். மனைவியை இழந்துவிட்டுத் தனியாக இருக்கிற மனிதர். அவர் கார்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒரே ஒரு கைக்கடிகாரம் வாங்கிப் பார்த்தேன்.