இரட்டைக் கப்பலில் ஒரு நடை

இரவு ஒன்றே முக்கால். துறைமுகச் சாலையில் ஒரு விளக்கு விட்டு ஒரு விளக்குதான் எரியும். அதில் தன்னந்தனியாக வேலைக்கு நடந்தவர் என் நண்பனின் பெரியப்பா... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஒரு போர்க்கப்பலுக்குக் கணினிக்குள் இரட்டை செய்வது அவர் வேலை. கடலில் இருக்கும் கப்பலின் கதவுகளிலும் தரையிலும் சென்சார்கள். அங்கே கதவு திறந்தால் இங்கே திரையிலும் திறக்கும். ஆள் மிதித்தால் எடையோடு காட்டும். இங்கிருந்து அங்கே மட்டும் எதுவும் போகாது.

சென்சார் பொருத்துமுன், சோதனைக்கு ஒரு பொய் ஆளை இரட்டைக்குள் நடக்கவிட வேண்டியிருந்தது. தம்பியின் நடையைக் கொடுத்தார். எடை அறுபத்தெட்டு கிலோ. இடது கால் சற்றுத் தாமதம். சின்ன வயதில் இவர் ஓட்டிய சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட கால் அது. தம்பி அதே கப்பலில் வேலை பார்த்தவன். போன வருஷம் ஒரு புயலில் கடல் கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை.

வீட்டில் வேறு யாருமில்லை. இரவு வேலையில் அவன் திரையில் நடப்பான். பார்த்துக்கொண்டே இவர் சாப்பிடுவார். "பொம்மையோட குடும்பம் நடத்துறீங்களாண்ணே?" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

விடிந்தால் இரட்டையை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் பொய் ஆளை அழித்துவிடச் சொல்லியிருந்தார் மேலாளர். அதற்குத்தான் அன்று வந்தார்.

ஏசியின் முனகல். ஆறிப்போன காபி நாற்றம். திரையில் தம்பியின் நடை. டக்... டக்..... டக். அழிக்க வெகுநேரம் விரல் எழவில்லை.

"போயிட்டு வாடா."

அழித்தார். திரை காலி.

ஐந்து நிமிஷம் இருக்கும். கீழ்த்தளக் கதவு ஒன்று திறந்தது.

டக்... டக்..... டக்.

பட்டியலைப் பார்த்தார். பொய் ஆள் இல்லை. நடை கடலில் இருக்கும் நிஜக் கப்பலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கப்பலின் காவல் அறைக்குப் போன் போட்டார். கீழ்த்தளத்தில் யாருமே இல்லை என்றார் அதிகாரி. எதற்கும் போய்ப் பார்க்கிறேன் என்று போனார். திரும்பி வந்து போனை எடுத்தார்.

"கதவு திறந்து கிடக்குங்க. தரையெல்லாம் ஈரம்... காலடி மாதிரி. ஒரு கால் மட்டும் இழுத்திருக்கு."

இவர் போனை வைத்தார். நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அப்போதுதான் எடையைக் கவனித்தார். எழுபத்தைந்து.

கொஞ்ச நேரத்தில் எழுபத்து மூன்று. பிறகு எழுபது. சொட்டுச் சொட்டாக... குறைந்துகொண்டே வந்தது.

விடியும்போது, அறுபத்தெட்டில் நின்றது.