ரெகுலேட்டரை மறுபடி மாட்டச் சொன்னவர்

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து சேலத்திலிருந்து ராசிபுரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்த வயர்மேனிடம் கேட்டார்.

"ஏனுங்க, ட்யூப் லைட்டும் மங்கலா எரியுமுங்களா?"

"எரியாதுங்க. குண்டு பல்புன்னா ரெகுலேட்டர்ல கொறைக்கலாம், கூட்டலாம். ட்யூப் லைட்டக் கொறைச்சா மினுக்கிட்டு அணைஞ்சே போயிரும். நாந்தானுங்களே உங்க ஊட்டு ரெகுலேட்டரக் கழட்டிட்டு ட்யூப் லைட்டு மாட்டுனேன்? பளிச்சுன்னு எரிஞ்சுதே!"

"எனக்குப் பளிச்சுன்னுதான் இருக்குதுங்க. ஊட்டுக்காரிதான் எதுக்கு இன்னும் கொறைச்சு வெச்சிருக்கறீங்கன்னு கேக்கறா."

"உங்க கஞ்சத்தனம் தெரிஞ்சவங்களாச்சே!" என்று வயர்மேன் சிரித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தானுங்க வாரோம். அவளுக்கு இருக்கற பார்வையும் போயிருமாம். கண்ணாடி போட்டாச் சரியாப் போயிரும்னு அவகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்."

வயர்மேன் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார்.

"பழையபடி குண்டு பல்பும் ரெகுலேட்டரும் மாட்டிக் குடுங்க."

"அத மாட்டி என்னங்க ஆகப்போகுது? முழுசாத் திருப்பி வெச்சாலும் அவங்களுக்கு…"

"தெரியாதுங்க. கண்ணாடி போட்டும் தெரியலீன்னா, நாந்தான் வெளிச்சத்தக் கொறைச்சுட்டேன்னு என்னயத் திட்டுவா. திட்டட்டும். ட்யூப் லைட்டா இருந்தா, அது தன்னோட கண்ணுன்னு தெரிஞ்சு போயிருமுங்களே."

"நாளைக்கே வாரேனுங்க" என்றார் வயர்மேன்.

மாதாவே, என்றேன் மனதுக்குள். அதற்கு மேல் செபம் வரவில்லை.