ஓரக்குறி சொன்ன ஆண்டு

திருமதி லூர்ஸ் சுடும் ஆப்பிள் கேக்கில் எப்போதும் பட்டைத்தூள் ஒரு சிட்டிகை கூடுதலாக இருக்கும். ஒருநாளும் நான் அதை அவரிடம் சொன்னதில்லை. மனிதர்களை நோகடிப்பது எனக்குப் பிடிக்காது. சங்கத்தின் நிர்வாகக் குழு இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

என் பெயர் ஒன்னோ ஹார்ம்ஸ். வீட்டுப் புரொஜெக்டரில் ஓட்டுவதற்காக அந்தக் காலத்தில் கடைகளில் விற்ற எட்டு மில்லிமீட்டர் குட்டிப் படங்களை நாம் எல்லோரும் சேர்க்கிறோம். அட்டைப்பெட்டி தொலைந்து, தலைப்பு அறுந்து வரும் சுருளை யார் வெளியிட்டார்கள், எந்த ஆண்டு என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. கெட்டுப்போகும் ஃபிலிமில் வினிகர் வாடை வரும் என்பதால் டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பேன். "உலகத்துலயே மூக்கால படம் பாக்குற ஒரே ஆளு நீங்கதான்" என்று திருமதி லூர்ஸ் சிரிப்பார்.

அவர் சேகரிப்பாளர் அல்ல. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். மகள் இம்கே ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்கு முந்தைய கோடையில், எழுபத்து நான்கில், குக்ஸ்ஹாஃபன் கடற்கரையில் வீட்டுப் பட நிறுவனத்துக்காரன் ஒருவன் கேமராவோடு வந்திருக்கிறான்.

"தட்டைமீன வாலப் புடிச்சுத் தூக்கிக் காட்டினா. 'சிரி பாப்பா'ன்னான். இவ நாக்கத் துருத்திட்டா, ராட்சசி. அதையும் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான்" என்றார் முதல் நாளே.

வீட்டில் இருந்தவை புகைப்படங்கள் மட்டும். அசைகிற இம்கே அந்தச் சுருளில்தான் இருந்தாள். நிறுவனத்தின் பெயரும் தெரியாது, படத்தின் பெயரும் தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சந்தை சந்தையாகத் தேடினார். மகளின் புகைப்படத்தை அவர் காட்டாத ஆள் நம் சங்கத்தில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில், கிடைத்த சுருள்களோடு என்னிடம் வருவார். "மதியம் சாப்பிட்டீங்களா, இல்ல ஃபிலிமையே தின்னுட்டீங்களா?" என்று அதட்டுவார். என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் என்னை அதட்ட யாரும் இல்லை.

ஒரு ஞாயிறு, பெயரில்லாத ஒரு சுருளைக் கொண்டுவந்தார். "வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், ஹார்ம்ஸ். மணல் தெரியுது. மணல்தான்."

பரிசோதிக்காத பழைய சுருளைப் புரொஜெக்டரில் மாட்டக் கூடாது. சுருங்கியிருந்தால் பல்சக்கரம் கிழித்துவிடும். இந்த விதியை அவரும் மதித்தார். நான் லென்ஸை ஃபிலிமின் ஓரத்தில் வைத்து, அது தயாரான ஆண்டைக் காட்டும் சின்னக் குறிகளைப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் உருட்டினேன். கடுகளவு முகத்தோடு இம்கே இருந்தாள். மீன் இருந்தது. நாக்கும் இருந்தது.

"ஐம்பத்து நாலாம் வருஷத்து ஃபிலிம்" என்றேன்.

"அப்ப நானே பள்ளிக்கூடப் புள்ள." டப்பாவையும் என் பக்கம் தள்ளினார். "சரி, நீங்களே வெச்சுக்குங்க. உங்க மூக்குக்காச்சும் ஆகும்." பிறகு கேக்கை வெட்டினார்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தக் குறிகள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும் வரும். ஐம்பத்து நான்கின் குறியேதான் எழுபத்து நான்குக்கும். இது நமக்கெல்லாம் தெரியும். அவருக்கு நான் பாதிதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஏன் என்று கேட்கிறீர்கள். படம் கிடைத்துவிட்டால், அடுத்த ஞாயிறு அவர் எதற்காக வரப்போகிறார்?

அவர் கிளம்பிப் போனதும் அதை ஓட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நல்ல குழந்தை. அடிக்கடி ஓட்டியதில் சுருளில் கோடுகள் விழுந்துவிட்டன. சேகரிப்பாளன் செய்யக் கூடாத காரியம் அது. அதற்காக மனமார வருந்துகிறேன்.

வருடங்கள் போயின. அவருக்குப் பார்வை மங்கி, கடைசியில் முழுவதும் போய்விட்டது. அப்போதும் பேருந்துப் படியைத் தடவித் தடவி ஏறி, சுருள்களோடு வந்தார். ஒரு ஞாயிறு எனக்கு மனம் இளகியது. அவருக்கும் ஒரு தடவை ஓடட்டும் என்று திரைச்சீலையை இழுத்துவிட்டு அந்தச் சுருளை மாட்டினேன். அவர் புரொஜெக்டர் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் இம்கே நாக்கை நீட்டினாள்.

"என்ன ஓடுது, ஹார்ம்ஸ்?"

"கப்பல்."

"வெறும் கப்பலா? புள்ளைங்க யாரும் இல்லையா?"

"இல்லைங்க."

"சரி விடுங்க. அடுத்தத மாட்டுங்க."

போன மாதக் கண்காட்சியில் நம் ஓட்மார் என் பெட்டியிலிருந்து அதைத் தவறுதலாக எடுத்து ஓட்டினார். "டேய் ஒன்னோ, இது இம்கேடா" என்றார், எல்லோர் முன்னாலும். அதோடு விடாமல் நேரே திருமதி லூர்ஸின் வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் விட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாள் யாரோடும் பேசுவதில்லை, சாப்பாட்டைத் தொடுவதில்லை என்கிறீர்கள்.

எனக்கும் வயிறு எரிகிறது. இத்தனை வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மாளுக்குத் தேடுவதற்கு ஒரு மகளைக் கொடுத்தவன் நான். அவளைப் பறித்தவர் ஓட்மார். நீங்கள் விசாரிக்க வேண்டியது அவரை.