எந்தப் பக்கம் மெல்லுறா?

கொஞ்சம் அமைதியா இருங்க... ஒரு குட்டிக் கதை வெச்சிருக்கேன், அதைக் கேட்டுட்டு அப்புறம் கைதட்டுங்க.

ஊரப்பாக்கம் பக்கம் ஒரு நகர். அங்க தணிகாசலம்னு ஒருத்தர். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். தெருவிளக்கு எரியலையா, சாக்கடை அடைச்சிருக்கா... எல்லாம் அவருக்குத் தெரியும்! ஒருநாள் காலையில காபி கொண்டுவந்த சம்சாரத்தைப் பார்க்கிறார். கன்னம் பூரி மாதிரி உப்பியிருக்கு.

"என்னடி கோமளா இது?"

"ஒண்ணுமில்லீங்க... லேசா பல்லுவலி."

உடனே நகர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டார். 'நல்ல பல் டாக்டர் யாராவது தெரியுமா?' பத்தொன்பது பதில்! ஒருத்தர் தாம்பரம் போங்கன்றார். ஒருத்தர் கிராம்பு வைங்கன்றார். ஒருத்தர்... குட் மார்னிங் போட்டிருக்கார்! கடைசியில ஒரு அம்மா, "சார், அடுத்த தெருவுல மாவுமில் மாடியிலயே இருக்காங்களே."

சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போனார். படி ஏறும்போது ஒரே பெருமை. "பாத்தியா, எப்படிக் கண்டுபிடிச்சேன்!"

கோமளா அம்மா மெதுவா சொன்னாங்க, "எனக்குத் தெரியுங்க. மாவு அரைக்க வரும்போதெல்லாம் போர்டைப் பார்ப்பேன். மூணு தடவை பாதிப் படி ஏறிட்டு... பயந்து திரும்பிட்டேன்."

மேல டாக்டர் நிலோஃபர். சின்ன வயசுப் பொண்ணு. வாயைப் பார்த்துட்டு, "எத்தனை நாளா வலி?"

இவர் முந்திக்கிட்டார். "நேத்துலருந்து டாக்டர்!"

"இல்ல சார். இடது பக்கம் பூரா அழுக்கு கட்டியிருக்கு. அந்தப் பக்கம் மென்னே பல மாசம் ஆச்சு. வீட்ல சாப்பிடும்போது நீங்க கவனிக்கலையா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்... அவங்க பரிமாறுவாங்க, இவர் சாப்பிடுவார், கை கழுவிட்டுப் போயிடுவார். அப்புறம் அந்தம்மா அடுக்களையில தனியா உட்கார்ந்து சாப்பிடுவாங்க. பெண்டாட்டி சாப்பிட்டு அந்த மனுஷன் பார்த்ததே இல்லைங்க! தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கண்ணு கலங்கிடுச்சு.

டாக்டர் மருந்து வெச்சு, மாத்திரை கொடுத்து அனுப்பினாங்க. மத்தியானம் இவரே சாதத்தைக் குழைய வடிச்சு, ரசம் ஊத்திப் பிசைஞ்சார். ரெண்டு தட்டு வெச்சார்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க..."

"உட்காருடி."

உட்கார்ந்தாங்க. ஒரு வாய் எடுத்தாங்க. இவர் அவங்க முகத்தையே பார்க்கிறார்.

"என்னங்க, இப்படிப் பாக்கறீங்க? வெக்கமா இருக்கு."

"நீ எந்தப் பக்கம் மெல்லுறேன்னு பாக்கறேன்."

அந்தம்மா சிரிச்சாங்க... வீங்கின கன்னத்தோட.

ஐயா, முன்வரிசையில சிரிக்கிறீங்களே... உங்க வீட்ல கடைசியா சாப்பிடறது யாரு? அவங்க எந்தப் பக்கம் மெல்லுறாங்க? தெரியாதுல்ல? எனக்கும் தெரியாதுங்க! டாக்டர் அடுத்த தெருவுலயே இருக்காங்க. வலிக்குதான்னு கேக்கத்தான் வீட்ல ஆள் இல்ல. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், முதல் வேலையா... உங்க தட்டுப் பக்கத்துல இன்னொரு தட்டு வைங்க.