அண்ணாகிராமத்திலிருந்து ஒரு பதிவிறக்கம்

மென்பொருளைப் புதுப்பிக்கும் நாட்களில் நான் டீ குடிப்பதில்லை, சார். கை நடுங்கும். ஒரு கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டால், சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்த ஆய்வேடுகள் அத்தனையும் போய்விடும். நான் பயந்த சுபாவம். பயப்படுகிறவன்தான் இந்த வேலைக்குச் சரி என்று எங்கள் நூலகர் ஜெயராணி மேடமே சொல்லியிருக்கிறார்.

மாணவர்களின் ஆய்வேடுகள் இருக்கும் மின்களஞ்சியத்தைப் பழுதில்லாமல் ஓடவைப்பது என் வேலை. எந்த ஆய்வேட்டை எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் திறந்தார்கள் என்று மாதாமாதம் முதல்வருக்குப் புள்ளிவிவரமும் கொடுக்க வேண்டும். பழைய மென்பொருள், தேடுபொறி வந்து போவதையும் ஒரு வாசகராக எண்ணிவிடும். புதியது எண்ணாது. அதனால் புதுப்பித்ததும் எண்ணிக்கை சரிந்தது. முதல்வர் கூப்பிட்டுக் கத்தினார். அதற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சுபாவம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அமராவதி என் தாய்மாமன் உத்திராபதியின் மகள். கீரப்பாளையம். முறைக்கு அவளும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் கல்லூரியில் படித்து, முந்திரி உடைக்கும் பெண்களின் கைப்புண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். அதைக் களஞ்சியத்தில் ஏற்றியவன் நான். போன வருடம் கடலூர்ப் பையன் டேவிட் ராஜைக் கல்யாணம் செய்துகொண்டு, இருக்கும் இடம் யாருக்கும் தெரியாமல் போய்விட்டாள்.

உத்திராபதி மாமா நூலகத்துக்கே வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்தார். அழுத்தவில்லை. வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"ஊர் ஊரா கணக்கு எடுக்கறியே செல்வா. ஒரு பொண்ணு எங்க இருக்கான்னு அதுல வராதா?"

"அதெல்லாம் வராது மாமா."

"உனக்குக் கட்டிக் குடுக்கறதா இருந்த பொண்ணுடா. உனக்கே ரோஷம் வரலன்னா, நீயும் அவுங்க பக்கம்னுதான் நெனப்பேன்."

அப்படி ஒரு பேச்சு இருந்தது உண்மை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு இருந்தது பயம் மட்டும்தான், சார். அவர் போன பிறகும் தோளில் அந்தக் கை இருந்தது.

சில வாரங்கள் கழித்து அமராவதியிடமிருந்து களஞ்சியத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை நேர்காணலுக்கு ஆய்வேடு வேண்டும், திறக்கப் போனால் பூட்டியிருக்கிறது என்று. என் நம்பரை அனுப்பினேன். யாருடைய போனிலிருந்தோ பேசினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"மாமா, எங்கேருந்து தெறக்கறேன்னு யாருக்காவது தெரியுமா? பயமா இருக்குது. அப்பா ஆளு வச்சித் தேடறாராம்."

"தெரியாது. இது புது சாஃப்ட்வேர். தெறக்கறவங்க அட்ரஸ்ஸ அதுவே அழிச்சிடும்."

"நெஜமாவா?"

"நான் இருக்கேன்ல."

அழுதாள். "உங்கள மட்டுந்தான் மாமா நம்பறேன்" என்றாள்.

புதிய மென்பொருளில் அந்த வசதி இருப்பது உண்மை. வாசகரின் இணைய முகவரியை முழுதாகச் சேமிக்காமல் மறைத்துவிடும். அதை இயக்கச் சொல்லி ஜெயராணி மேடமும் சொல்லியிருந்தார். ஆக, நான் பொய் சொல்லவில்லை. இயக்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அன்றைக்கே பூட்டை எடுத்துவிட்டேன், அவளும் பதிவிறக்கிக்கொண்டாள். அவள் திறந்த இணைய இணைப்பு, அண்ணாகிராமத்தில் ஒரு முந்திரி கம்பெனியின் பெயரில் இருந்தது. அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தாள். மாமாவிடம் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். சொன்னது ஒரு பெயர்தான், சார்.

இடத்தைக் காட்ட வேண்டும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். மாமாவின் மகன் இளவரசு ஓட்டினான். பண்ருட்டி தாண்டியதும் வழியை நான்தான் சொன்னேன். சாயங்காலம் கம்பெனி விட்டது. டேவிட் ராஜ் பைக்கில் வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்தான். அவள் வெளியே வந்து முதலில் என்னைத்தான் பார்த்தாள். "மாமா" என்று சிரித்தாள். அதன் பிறகுதான் எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள்.

அவனைக் காருக்குள் தள்ளினார்கள். அந்த நேரத்தில் அமராவதியின் இரண்டு கையையும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கார் பின்னால் ஓடி எங்காவது விழுந்து அடிபட்டுக்கொள்வாளே என்றுதான். கார் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் விட்டேன். முந்திரித் தோப்பில் அவனை என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அங்கே இல்லை.

மற்ற ஆய்வேடுகள் எல்லாம் திறக்கின்றன, அவளுடையது மட்டும் எப்படிப் பூட்டியிருந்தது என்று கேட்டீர்கள். புதுப்பித்ததில் ஏதோ கோளாறு என்று முதலில் சொன்னேன். அது சரியில்லை. நான்தான் பூட்டினேன். மாமா வந்துபோன மறுநாள். பூட்டியிருந்தால், வேண்டும்போது அவள் என்னிடம்தானே கேட்டு வரவேண்டும்? முகவரியை மறைக்கும் வசதியையும் அன்றைக்குத்தான் நிறுத்தினேன். அதுவரை அது இயங்கிக்கொண்டிருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் என்னைப் பிடிப்பதற்கு முன் கடலூர் ஆஸ்பத்திரியில் அவளைப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கட்டிலிலிருந்து இறங்கி, நர்சின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதிர்ச்சி, சார். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். ஜாமீன் கிடைத்ததும் நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும். என்னைவிட்டால் அவளுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?