கூட்டிக்கிட்டுப் போங்க

எனக்கு ஆட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, மேடம். எங்கள் பேஜைப் பார்க்கிற எல்லோரும் ஜெயந்தினிக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தால்கூட, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுகிற ஆள் நான். என் வேலை வெட்டுவதும் ஒட்டுவதும். மாத்தளை டவுனில் பலீல் ஹாஜியாரின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். சீர் குறைந்துவிட்டதென்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் மாமியாரை மருமகளைப் பார்த்துச் சிரிப்பதுபோலக் காட்ட எனக்குத் தெரியும். கமலாட்சி கை வைத்தால் கல்யாணமே நன்றாக நடந்த மாதிரி இருக்கும் என்பார் ஹாஜியார்.

கம்பேக் என்றால் என்ன என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். மாரு என்று ஒரு கொரியக் குழு இருக்கிறது. ஐந்து பெண்கள். அவர்கள் புதுப் பாட்டு வெளியிடுவதைத்தான் கம்பேக் என்போம். எங்கும் போகாதவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. போனதுபோல ஆக்குவார்கள், மேடம். பாதி வேலை அதுதான்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் பேஜில் இருந்த படம் கறுப்பாகியிருக்கும். பழைய வீடியோக்கள் ஒன்றும் இருக்காது. ரசிகர்கள் பயந்துபோவார்கள். குழு உடைந்துவிட்டதா, யாருக்காவது சுகமில்லையா என்று அழுது எழுதுவார்கள். அந்தப் பயம் நன்றாகப் பழுத்த பிறகு ஒரு தேதி வரும். அப்புறம் பாதி முகம் தெரிகிற ஒரு படம். அப்புறம் சில வினாடி ஓடுகிற டீஸர். அதில் ஒரு வளையல் தெரிந்தாலும் போதும், அது ஏன் இடது கையில் இருக்கிறது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கும். டீஸரில் எதுவும் தற்செயல் கிடையாது, எல்லாமே குறிப்பு. எங்களுக்கு அது வேதம் மாதிரி. கடைசியில் சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில் பாட்டு வரும். வந்தே ஆக வேண்டும். மாருவின் ஒரு பெண் கால் சுளுக்கோடு, சிரித்த முகமாக ஒரு கம்பேக் முழுவதும் ஆடினாள். நாங்கள் அதைப் பார்த்து அழுதோம். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை.

ஜெயந்தினி எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அவளுடைய அம்மா சரோஜாதேவி கோயில் வாசலில் பூ விற்கிறவர். கணவர் இல்லை, இவள் ஒரே பிள்ளை. மாரு புதுப் பாட்டு விட்டால் ஜெயந்தினி அதை ஒரே நாளில் உடம்பில் ஏற்றிக்கொள்வாள். நான் படம் எடுத்து, வெட்டி, பேஜில் போடுவேன். முதலில் எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு கண்டி, மட்டக்களப்பு, மதுரை என்று போய்விட்டது. சிங்களப் பிள்ளைகளும் நிறையப் பேர். ‘எங்கள் ஜெயா’ என்று அவளைப் பற்றி எழுதுவார்கள். பதில் எழுதுவது நான். அவள் பெயரில் நான் எழுதும்போது மனிதர்கள் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அந்த மாதிரி அன்பாக என்னிடம் நேரில் யாரும் பேசியதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன ஆவணி மாதம் ஸ்டூடியோவுக்கு வந்து மேசையைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஆடும் வீடியோ எதுவும் போடக்கூடாது என்பது அங்கே சட்டமாம்.

“அக்கா, நான் இதோட நிப்பாட்டிக்கிறேன். அம்மாவுக்கு இனி வெயில்ல உக்கார ஏலாது. கோவிச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. பலூடா வாங்கிக் கொடுத்தேன். அவள் போன பிறகு பேஜைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, மேடம். யாரோ என்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற மாதிரிப் பயம். பேஜ் மெல்ல மெல்லச் சாகும், ஒருநாள் நான் எழுதுவதற்குப் பதிலே வராது, அப்புறம் நான் மாமியார்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே கிழவியாகிவிடுவேன். இருட்டுக்கு நான் பயந்ததில்லை. இதற்குப் பயந்தேன்.

அடுத்த நாள் அவளிடம் கேட்டேன். போவதற்கு முன் ஒரேயொரு கம்பேக், உண்மையான கம்பேக், கறுப்புப் படத்திலிருந்து எல்லாம் முறையாக. அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் விரும்பித்தான் வந்தாள். போனையும் அவளே தந்தாள். கொரியாவில் பயிற்சிக் காலத்தில் கம்பெனி போனை வாங்கி வைத்துக்கொள்ளும், நாங்களும் அப்படிச் செய்வோம் என்றேன். அதற்கும் சிரித்தாள். ஹோட்டலில் ட்ரெயினிங் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னதும் நான்தான். அம்மாவுக்குக் கம்பேக் எல்லாம் விளங்காது.

ஹாஜியாருக்கு வில்கமுவவில் வயல் இருக்கிறது. வயலோடு ஒரு வீடு. கல்யாணத்துக்கு முந்திய படங்கள் எடுக்க ஜோடிகளை அங்கே கூட்டிப் போவோம், அதனால் சாவி என்னிடம் இருக்கும். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. பஸ் எப்போதாவது வரும். என் ஸ்கூட்டியில் போனோம். முதல் நாளே அவளை வெறுங்காலோடு வயல் சேற்றில் ஆடவைத்துப் படமெடுத்தேன். முழங்கால்வரை சேறு, பின்னால் மலை. காலில் ஏதோ கிழித்து இரத்தம் வந்தது. “பரவாயில்ல, எடுங்க” என்றாள். அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

வாய்க்கால் கட்டில் ஏறினால்தான் அங்கே சிக்னல். அங்கே நின்று கறுப்புப் படத்தைப் போட்டேன். பழைய வீடியோக்களை மறைத்தேன். நான் கட்டை விட்டு இறங்குவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயாவுக்கு என்ன, ஜெயா எங்கே, ஜெயா இல்லாமல் எப்படி. ஒரு மனிதப் பிறவியை இத்தனை பேர் தேடி நான் பார்த்ததில்லை.

ஒரு கிழமைக்குள் வேலை முடிந்து வீட்டுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் தேடுகிறவர்களின் தொகை ஏறிக்கொண்டே போகும்போது எந்தக் கம்பெனியாவது பாட்டை விடுமா. நான் தேதியைத் தள்ளி அறிவித்தேன். அவளிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. வேலைக்குச் சேர வேண்டிய நாள் அதற்கு முன்னாலேயே வருகிறது என்றாள். போனைக் கேட்டாள். தேதி சொல்லியாயிற்று, சொன்ன தேதியை மாற்ற முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். அவள் துணியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பிறகுதான் கதவைப் பூட்டினேன்.

யானைக்காகப் பூட்டினேன் என்று முதலில் சொன்னேன். அது பொய்யில்லை. அங்கே பொழுது சாய்ந்தால் யானை வரும், மின்வேலி பாதி நேரம் வேலை செய்வதில்லை. யானைக்காகப் பூட்டுகிறவர்கள் உள்ளே இருந்துதானே பூட்டுவார்கள், பூட்டு ஏன் வெளியே தொங்கியது என்று கேட்டீர்கள். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அவள் கதவைத் தட்டுவாள். நான் முன்னறையில் இருந்து எடிட் செய்வேன். தட்டுவது பாட்டின் தாளத்தோடு சேராமல் தொந்தரவாக இருந்ததால் ஹெட்போன் போட்டுக்கொண்டேன். சோறும் கறியும் ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தேன். ஒருநாளும் பட்டினி போடவில்லை. அவளுடைய போனில் இருந்து அவள் அம்மாவுக்கு, சாப்பிட்டேன்மா, ட்ரெயினிங் நல்லா போகுது என்று தினமும் அனுப்பினேன். ஒரு தாயைக் கவலைப்பட விடக்கூடாது.

பிறகு காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது, நிற்க முடியவில்லை என்றாள். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நடிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கெமராவில் பார்த்தேன். அந்தச் சிவப்புக்குக் கொரியாவில் லென்ஸ் போடுவார்கள், மேடம். இவளுக்குத் தானாகவே வந்திருந்தது. டீஸரை அன்றைக்கே எடுத்தேன்.

ஹாஜியாரின் வயலை உழுகிற குலரத்ன என்பவரிடம் பனடோல் கேட்கப் போனேன். யாருக்கு என்றார். தங்கச்சிக்கு என்று அறிகுறிகளைச் சொன்னேன். அவர் டிரக்டரை நிறுத்திவிட்டார். ‘மீ உண’ என்றார். எலிக்காய்ச்சல், சேற்றில் கால் வைத்தால் வரும், இங்கே அதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள், இப்போதே ஏற்றுங்கள், டிரக்டரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று சிங்களத்தில் பதறினார். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப மாட்டேன். மருந்து எடுத்தாயிற்று, இப்போது சுகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால் யாராவது அவளை அடையாளம் கண்டு படம் எடுத்துப் போடுவார்கள். அப்புறம் கம்பேக் எங்கே.

டீஸரை நீங்கள் இந்தக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்கள். மேலே இசை மட்டும்தான், அவள் குரல் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சிவந்த கண்ணால் நேராகப் பார்த்து வாயசைக்கிறாள். கூட்டிக்கிட்டுப் போங்க. என்னைய வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. போட்ட கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் அவள் உதட்டைப் படித்துவிட்டார்கள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. பாட்டின் கதை இதுதான், வீடு என்றால் மனசு, அழைப்பது ரசிகர்களை என்று பிரித்து மேய்ந்தார்கள். கண்ணுக்குக் கீழே சிவப்புத் தடவிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அதே மாதிரி வாயசைத்து வீடியோ போட்டார்கள். கண்டியில் ஒரு பிள்ளை, சென்னையில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு கூட்டம். கூட்டிக்கிட்டுப் போங்க, கூட்டிக்கிட்டுப் போங்க. நான் வாய்க்கால் கட்டில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீட்டுக்குள் ஒருத்தி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அது உதவி கேட்பது என்று தோன்றவில்லை. அவர்களை நீங்கள் இங்கே உட்காரவைத்து விசாரிக்கவில்லை.

கம்பேக் வீடியோ பெரியது. வாய்க்கால் கட்டில் நின்று அதைப் பேஜில் ஏற்ற முடியவில்லை. அதனால் தேதிக்கு முந்திய நாள் டவுனுக்குக் கிளம்பினேன். தண்ணீர்ப் போத்தலும் பனடோலும் பிஸ்கட்டும் அவள் பக்கத்தில் வைத்தேன். கண்ணில் இப்போது மஞ்சளும் சேர்ந்திருந்தது. காலையில் வந்துவிடுகிறேன் என்றேன். பூட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுக்கும்போதும் தட்டினாள். மெதுவாகத்தான். தட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று நிம்மதியாகப் போனேன்.

சொன்ன நேரத்தில் பாட்டு வந்தது. சேற்றில் ஆடிய ஜெயா, சிரிக்கிற ஜெயா, மலை. அதற்குப் பிறகு நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வேண்டும், இல்லையென்றால் மனசு நோகும். காலை வந்தது, போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அன்று சரோஜா அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் எனக்காக ஒரு முழம் மல்லிகை.

“கமலா, பக்கத்து வீட்டு அஸ்ரா போன்ல காட்டிச்சு. இதுக்குத்தானா ரெண்டு பேரும் மறைச்சீங்க? புள்ள எவ்வளவு நல்லா ஆடுது. கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. அந்த இன்னொன்னுல கண்ணு ஏம்மா அப்படி செவந்திருக்கு?”

“அது லென்ஸ், அக்கா.”

“அப்பாடா. நான் பயந்துட்டேன்.”

பூவை என் தலையில் அவரே வைத்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில் ஜெயந்தினி உயிரோடுதான் இருந்திருப்பாள் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருந்திருக்கலாம். மறுநாள் குலரத்ன தங்கச்சிக்கு இளநீர் கொண்டுபோயிருக்கிறார். பூட்டைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. மண்வெட்டியால் உடைத்திருக்கிறார். கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள் என்றீர்கள். அந்தப் படத்தை எனக்குக் காட்ட வேண்டாம்.

டீஸரில் அவள் நடித்தாளா என்று மூன்று தடவை கேட்டீர்கள். நடிப்பு என்றுதான் நானும் நினைத்தேன், பார்த்த எல்லோரையும் போல ஏமாந்துவிட்டேன் என்று எழுதி, கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அதை மாற்றி எழுதுங்கள். பார்த்தவர்களுக்கு அவள் வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது. நான் கெமராவுக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் கேட்டது. அக்கா என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, சத்தம் போட்டு அழுதாள். அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே இசையைப் போட்டது நான். விளங்கித்தான் எடுத்தேன்.

ஆனால், மேடம், உங்கள் வேலையும் என் வேலையும் வேறு. அந்தச் சத்தம் இருந்திருந்தால் டீஸர் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.